மறதி நோய்ப் பராமரிப்பில் பல்கலைக்கழகமும் ஊர்ச் சங்கங்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம்?

கிழக்கு இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்து முதியோர் சங்கமொன்றின் செயலாளர் நீங்கள். சங்கத்து வீடுகள் சிலவற்றில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து என்ன செய்யலாம், யாரைப் போய்ப் பார்ப்பது, அவர்கள் எங்களிடம் எதை எதிர்பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாதியர் கல்வியிலும் வீட்டுப் பராமரிப்பிலும் பல காலம் வேலை செய்தவள் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் நிலைப்பாடு. பல்கலைக்கழகமும் ஊரும் சேர்ந்து எதைச் செய்தாலும், பராமரிக்கிற ஆளுக்குக் கிழமைக்கு ஒரு நாள், நாலு மணித்தியாலம் ஓய்வு கிடைக்கச் செய்வதிலிருந்து அது தொடங்க வேண்டும். ஆய்வு, கருத்தரங்கு, செப்டெம்பர் 21 உலக அல்சைமர் (மறதி நோயில் மிகப் பரவலான வகை) தினத்துக்குப் பதாகை பிடித்த ஊர்வலம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படி அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் இந்த நோயின் பாரம் முழுவதும் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தாய் தகப்பன் அந்த வீட்டிலேயோ அதே வளவில் பின்னால் போட்ட சின்ன வீட்டிலேயோ இருந்துவிடுவார்கள். அதனால் வயது போன காலத்தில் பார்ப்பது மகள். அவள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால் பேத்தி பார்க்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் அம்மம்மாவுக்குக் காவல் இருக்கிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதிலும் மறதி நோயாளருக்குச் செலவாகிற பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. நம் ஊர்களில் அது இன்னும் கூடுதலாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இரவில் மூன்று தரம் எழும்புகிற, "என்ர காசைக் களவெடுத்திட்டாள்" என்று அயலட்டைக்குக் கேட்கக் கத்துகிற, சாப்பிட்ட அரை மணியில் சோறு தரவில்லை என்று அழுகிற ஒருவரோடு வருடக்கணக்கில் இருப்பது லேசான காரியம் இல்லை. நாலு மணித்தியாலம் கிடைத்தால் அந்த மகள் தன்னுடைய பிரஷர் கிளினிக்குக்குப் போவாள். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பண விடயமாகப் பிரதேச செயலகம் போவாள். அல்லது படுத்து நித்திரை கொள்வாள். எதைச் செய்தாலும் அது அவள் பாடு, கேட்கக்கூடாது. ஓய்வு என்று நாங்கள் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பயிற்சி வகுப்புக்கு வா என்று அவளைக் கூப்பிடவும் கூடாது.

சரி, அந்த நாலு மணித்தியாலம் யார் போய் இருப்பது? மாணவர்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். பிள்ளையாரடியில் இருக்கிற சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவ மாணவர்களும் தாதியர் பட்டப்படிப்பு மாணவர்களும் படிக்கிறார்கள்; சமூகத்துக்குள் போய்ப் பழகுவது அவர்கள் படிப்பில் ஒரு பகுதி. ஆனால் முதல் ஆளாக மாணவரை வைக்காதீர்கள். பரீட்சை வரும், விடுமுறை வரும், வேலைநிறுத்தத்தால் வளாகம் மூடும். மறதி நோய் வந்தவருக்குப் பழகின முகமும் பழகின நேரமும்தான் பெரிய மருந்து. ஒரு பிள்ளை ஆறு கிழமை வந்து அன்பாகக் கையைப் பிடித்துக் கதைத்துவிட்டுத் திடீரென்று காணாமற்போனால், நோயாளிக்குப் பெயர் நினைவிருக்காது, ஆனால் அந்தத் தவிப்பு இருக்கும். ஆகவே முதல் ஆள் ஊரவர். சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ இருக்கிற, நாற்பது ஐம்பது வயதான, பொறுமையுள்ள ஒரு அக்கா. மாணவர் அவருக்குத் துணை. மாணவர் மாறினாலும் அக்கா மாற மாட்டார்.

இது நானாகக் கற்பனை செய்த ஒழுங்கு இல்லை. கோவாவில் இதே அடிப்படையில் ஒரு பரிசோதனை நடத்தி 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். 81 குடும்பங்கள். மருத்துவம் படிக்காத, உள்ளூர் மொழி தெரிந்த சாதாரண ஆட்களுக்கு ஒரு கிழமை தீவிரப் பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவையாவது வீடுகளுக்கு அனுப்பினார்கள். பின்னால் ஒரு மனநல வைத்தியரும் ஆலோசகரும் நின்றார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மன நெருக்கடி தெளிவாகக் குறைந்தது. விலை கூடின மருந்தும் இயந்திரமும் இல்லாமல் நடந்த வேலை இது. களுவாஞ்சிகுடியில் ஏன் முடியாது?

ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்கள் ஒரு கணக்கு வைத்திருப்பது நல்லது. இலங்கையில் ராகமைப் பகுதியில் செய்து 2003 இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 3.98 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதாகக் கண்டது. அது பழைய கணக்கு, இடமும் வேறு. என்றாலும் உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் 65 தாண்டினவர்கள் 200 பேர் இருந்தால் எட்டுப் பேர் அளவில் எதிர்பார்க்கலாம். நீங்கள் மூன்று பேரை மட்டும் அறிந்திருந்தால், மற்றவர்கள் அறைக்குள் இருக்கிறார்கள் என்று பொருள்.

அவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில்தான் பல்கலைக்கழகம் முதல் தடவையாக உண்மையில் தேவைப்படுகிறது. மறதி எல்லாம் மறதி நோய் இல்லை. தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலை அடிபட்டு மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற இரத்தம், சீனிக் குளிசை கூடி அடிக்கடி சீனி இறங்குவது, தடிமனுக்கும் அரிப்புக்கும் எடுக்கிற குளோர்ஃபெனிரமின் போன்ற குளிசைகள்: இவை ஒவ்வொன்றும் வயது போனவரைத் தடுமாற வைக்கும், பலதும் சரிப்படுத்தக்கூடியவை. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் வருடக்கணக்காக எடுக்கிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படி எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பிப் பிதற்றினால், அது சலக்கிருமியாகவோ நெஞ்சுச்சளியாகவோ இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணில் வெண்புரை, காது கேட்காமை இரண்டும் சேர்ந்தால் நல்ல மூளையுள்ளவரும் மறதிக்காரர் போலத்தான் தெரிவார். இந்த வித்தியாசங்களை ஊர் அக்காமாருக்குச் சொல்லிக்கொடுப்பது, கிளினிக் கொப்பியைப் பார்த்துக் குளிசைகளைச் சரிபார்ப்பது, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க உதவுவது, இவைதான் பீடத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் மூன்று விடயங்கள்.

மருந்து பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லச் சொல்லுங்கள். டொனெபெசில், மெமன்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்சக் காலம் கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தாது. ஆளை அடக்கி வைக்கக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் வயது போனவர்களுக்குப் பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். காணியை அடகு வைத்து மருந்து தேடி அலைகிற குடும்பத்துக்கு இந்த உண்மை தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சோதனை. நினைவாற்றலை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. மொன்ரியல் அறிதிறன் மதிப்பீட்டின் தமிழ் வடிவத்தை யாழ்ப்பாணத்தில் சரிபார்த்திருக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் பேனை பிடிக்காத கையிடம் கனசதுரம் வரையச் சொன்னால் என்ன வரும்? வாவிக்கு மேற்கே இருக்கிற வயல்பக்கமான படுவான்கரையில் பிறந்து பள்ளிக்கூடமே போகாமல் அறுபது வருடம் வெள்ளாமை செய்த ஒரு அப்பப்பாவிடம் இன்றைக்கு என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்டால், நோய் இல்லாமலே அவர் தோற்றுவிடுவார். மறுபக்கம், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நோய் தொடங்கின பிறகும் அதே கேள்விகளில் இலகுவாகத் தேறிவிடுவார். இதை உலக அளவில் முதலில் பெரிதாக எடுத்துப் பேசியவர்கள் 10/66 என்ற ஆய்வுக் குழுவினர். மறதி நோயாளரில் 66 சதவீதம் பேர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதைக் குறிக்கத்தான் அந்தப் பெயரே வந்தது. கல்வி குறைந்தவர்களுக்கும் பொருந்துகிற முறையை அவர்கள் சென்னையிலும் வேலூர்ப் பக்கத்திலும் தமிழில் பயன்படுத்தினார்கள். நோயாளியிடம் கேட்பதோடு, கூட இருப்பவரிடமும் அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்கிற முறை அது.

இங்கே உங்கள் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டால் உண்மை தெரியும்? இப்போது மாரி வெள்ளாமையா கோடை வெள்ளாமையா, வயல் விதைப்பிலா குடலையிலா அறுவடையிலா? கண்ணகை அம்மன் சடங்கு முடிந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா? நோன்பு எந்த மாதம் போனது? மூத்த பேரனுக்கு எந்த ஊரில் கலியாணம்? ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு வாங்க வேண்டும்? வலையைப் பொத்தத் தெரிந்தவர் இப்போதும் ஒழுங்காகப் பொத்துகிறாரா, பாய் இழைக்கிற உம்மம்மா நடுவில் பின்னலை மறக்கிறாரா? சங்கத்து மூத்தவர்களும் விரிவுரையாளர்களும் ஒரே பாயில் இருந்து இப்படியொரு கேள்வித்தொகுப்பைச் செய்து, வைத்தியரின் முடிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால், அது ஊருக்கும் பயன்படும், உலகத்தரமான ஆய்வும் ஆகும். ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆய்வு வர வேண்டும் என்பதற்காகத்தான் ஓய்வு நேரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மூன்று மாதம் வீட்டுக்குள் வந்து போன பிள்ளைக்குத்தான் அந்த வீட்டார் உண்மையைச் சொல்வார்கள்.

ஏனென்றால், நம் வயது போனவர்கள் படிவங்களுக்குப் பயந்தவர்கள். இதை வெளியிலிருந்து வருகிற இளம் விரிவுரையாளர்கள் உணராமல் போகலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேர், ஆம்பிளைகள் எங்கே, பெயர் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன என்று கொப்பியும் கையுமாக வந்து கேட்டவர்களால் இங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டுக் காணாமற்போனார்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் மாணவர் வருகிறார் என்றால், சில தாய்மாருக்கு அந்தப் பெயர் எதை ஞாபகப்படுத்தும் என்று யோசியுங்கள். மறதி நோய் அண்மைக் காலத்தைத்தான் முதலில் அழிக்கிறது, பழையது நிற்கிறது. பின்னேரம் இருட்டத் தொடங்கினதும் "ரவுண்டப் வருகுது, பொடியனை ஒளிச்சு வை" என்று, அந்தக் காலத்துச் சுற்றிவளைப்பை நினைத்துப் பதறுகிற ஆச்சிமார் இருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் காணாமற்போன மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லையே என்று ஒவ்வொரு மாலையும் புதிதாகத் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 அப்படியே நிற்கிறது. இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான்.

இந்தத் தாய்மாருக்கு என்ன பதில் சொல்வது? "அவன் செத்து எவ்வளவு காலம், மறந்திட்டியாம்மா?" என்று திருத்தினால், ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. வந்துவிடுவான் என்று பொய் சொல்லவும் பல மகள்மாருக்கு மனம் வராது. என் அனுபவத்தில் நல்லது, மகனைப் பற்றியே கதைக்கக் கேட்பது. "தம்பிக்கு என்ன கறி விருப்பம்? சின்னனிலே நல்லா நீந்துவானாமே?" பதற்றம் மெல்லக் கதையாக மாறும். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பராமரிப்பவர்களுக்கு ஐ-சப்போர்ட் என்றொரு கைநூல் வெளியிட்டது; நாடுகள் தங்களுக்கு ஏற்றபடி தழுவி எடுக்கலாம். நல்ல நூல்தான். ஆனால் காணாமற்போன மகனைத் தேடுகிற தாய்க்கு என்ன சொல்வது என்பதை மட்டக்களப்புதான் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தின் உளவியல், சமூகவியல், தமிழ் படித்தவர்களும் இந்த மகள்மாரும் சேர்ந்து எழுத வேண்டிய பகுதி அது. பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில், வாசிக்க நேரமில்லாதவர்களுக்குக் குரல் பதிவாகவும் இருக்க வேண்டும்.

மருத்துவ பீடத்தோடு நிற்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் படிக்கிற பிள்ளைகள். அல்சைமர் நோயில் பாட்டு நினைவு மற்ற நினைவுகளைவிட நீண்ட காலம் தங்குவதுண்டு. மகளின் பெயர் வராத அப்புச்சிக்கு வடமோடிக் கூத்துப் பாட்டான தருவும், கண்ணகை அம்மன் குளுத்திப் பாட்டும், வசந்தன் பாட்டும் வரிசை பிசகாமல் வரும். அந்தப் பிள்ளைகள் போய்ப் பாடிக்காட்ட வேண்டாம், அவரிடம் படிக்கப் போகட்டும். ஒரு காலத்தில் அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்குகிற ஆசானாக, இருந்த மனிதரை ஒரு மணித்தியாலத்துக்கு மறுபடி அண்ணாவியாராக இருக்க விடுவதுதான் நல்ல பராமரிப்பு. பிள்ளைக்கு ஒரு பாட்டுக் கிடைக்கும், வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும், அவருக்கு மரியாதை கிடைக்கும்.

இந்த வகையில் நமக்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேடத் தேவையில்லை. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் நடந்தது. கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சி. ஜெயசங்கர் முன்னின்ற வேலை. கிராமத்தைத் தகவல் எடுக்கிற இடமாக வைக்காமல், கூத்தர்களும் ஊரவர்களும் ஆய்வாளர்களோடு சமமாக இருந்து வாதாடி முடிவெடுத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது, ஊர் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தது. பராமரிப்பிலும் அதே உரிமை வேண்டும். இந்தியாவில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மையம் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து மறதி நோயாளருக்கு இணக்கமான ஊர்களை உருவாக்க முயன்றிருக்கிறது. அதையும் பார்த்துப் படிக்கலாம். கொழும்பில் 2001 முதல் இயங்குகிற லங்கா அல்சைமர் அறக்கட்டளையிடம் பயிற்சிக்கு உதவி கேட்கலாம்.

இனி, கையெழுத்து வைக்கிற விடயம். பல்கலைக்கழகம் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவரும். வாசிக்காமல் வைக்காதீர்கள், தமிழில் கேளுங்கள். சேர்க்கிற தகவல் யாருடையது, முடிவை ஊருக்கு எப்போது எப்படிச் சொல்வார்கள், வளாகம் மூடினால் யாரை அழைப்பது, ஆய்வுக் காசு வந்தால் ஊர் அக்காமாரின் பஸ் காசும் நேரக்கூலியும் அதில் இருக்கிறதா, இவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும். பாவம் ஊருக்காகச் செய்கிறார்கள்தானே என்று அக்காமாரின் உழைப்பை இலவசமாக எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்தக் கேள்வித்தாளும் வீட்டுக்குள் வரக்கூடாது. மகள் சம்மதித்தாலும், நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. முக்கியமாக, படம். சாரம் நழுவின நிலையில், வாயில் சோற்றுப் பருக்கையோடு இருக்கிற ஒரு மனிதரின் படத்தைச் சேவை செய்தோம் என்று முகநூலில் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை முதல் நாளே தடைசெய்யுங்கள். அவர் சுகமாக இருந்த காலத்தில் அப்படி ஒரு படத்துக்கு நின்றிருப்பாரா?

அம்பாறைப் பக்கம் இருக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். சமூகவியல், இஸ்லாமியக் கற்கை, முகாமைத்துவம் படிக்கிறவர்கள் செய்யக்கூடியது நிறைய. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல்களும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் எந்த வீட்டில் யார் படுக்கையில் என்று அறிந்தவை. ஸகாத் நிதியில் ஒரு பகுதி வயது போனவர்களுக்கான உறிஞ்சு துணிக்கும் சக்கர நாற்காலிக்கும் போகலாம். தொழுகையில் எத்தனை ரக்அத் என்று தடுமாறுகிற வாப்பாவைச் சிறுவர்கள் சிரிக்காமல் இருக்க, ஒரு ஜும்ஆப் பிரசங்கம் பத்துக் கருத்தரங்குக்குச் சமம். திருக்கோவில், தம்பிலுவில், பாண்டிருப்புக் கோயில் பரிபாலன சபைகளுக்கும் இது பொருந்தும். மறதி நோயை யாரோ செய்த செய்வினை என்று நினைத்துக் கட்டுக்கும் ஓதிப் பார்க்கவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். பூசாரியாரையும் மௌலவியையும் எதிர்த்துக்கொள்ளாமல், "நூல் கட்டுங்கள், அதோடு கிளினிக்குக்கும் போகச் சொல்லுங்கள்" என்று அவர்களிடமே கேட்டுக்கொள்வது பலன் தரும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கிற இந்தக் கரையில் ஒரே பயிற்சிக்கு இரு பகுதி அக்காமாரையும் ராத்தாமாரையும் சேர்த்து எடுப்பதற்கும் இது நல்ல சந்தர்ப்பம்.

வழிதவறிப் போகிறவர்கள் விடயத்தில் ஊர்ச் சங்கம்தான் முழுப் பொறுப்பு. கட்டில்லாத கிணறு, வாவி, கடல், படுவான்கரையில் இரவு இறங்குகிற யானை. கையைக் கட்டிப்போட்ட குடும்பங்களைக் குற்றம் சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும், பயத்தில்தான் கட்டுகிறார்கள். கிணற்றுக்கு மூடி போடுவதும், படலையில் சின்ன மணி தொங்கவிடுவதும், உடுப்பின் உட்பக்கத்தில் தொலைபேசி இலக்கம் தைப்பதும் சங்கத்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை. ஆளைக் காணவில்லை என்றால் கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் உடனே அறிவிக்கலாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். சந்தி ஓட்டோக்காரர்கள், கடைக்காரர்கள், மீன்காரர் இவர்களுக்கு அரை மணித்தியாலப் பயிற்சி போதும். ஜப்பானில் 2005 முதல் இப்படிச் சாதாரண ஊரவர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து மறதி நோய் ஆதரவாளர்களாக ஆக்கி வருகிறார்கள்.

காணி உறுதி பற்றியும் எச்சரிக்கிறேன். மறதி நோய் வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக் காணி கைமாறுவதும், அதனால் பிள்ளைகள் பகையாவதும் பல குடும்பங்களில் நடக்கிறது. நோயின் தொடக்கத்திலேயே, அவருக்கு விளங்குகிற காலத்திலேயே, அவர் விருப்பத்தை நம்பிக்கையான சட்டத்தரணி முன் எழுதிவைக்க உதவுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள்.

தடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 இல் லான்செட் ஆணைக்குழு, பிரஷர், சீனி, புகைத்தல், காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை முதலிய 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்றது. கண் சத்திரசிகிச்சைக்குப் பயந்து ஒளிக்கிற ஆச்சிமாரைக் கூட்டிப்போவதும் இந்த வேலையில் சேர்த்தி.

தொடங்கும் முறை இதுதான். இரண்டு மூன்று வீட்டு மகள்மாரை மட்டும் ஒரு பின்னேரம் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு பக்கத்தில் எழுதி, சங்கக் கடிதத் தலைப்போடு பீடாதிபதிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கொடுங்கள். கடிதத்தில் ஆய்வு என்ற சொல் தேவையில்லை. மூன்று வீடு, கிழமைக்கு நாலு மணித்தியாலம், ஆறு மாதம் என்று எழுதினால் போதும். வீடு பார்க்கும் வேலையைப் பெப்ரவரிக்குப் பிறகு தொடங்குங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ளம் வந்தால் படுவான்கரைத் தெருக்கள் அறுந்துபோகும், புதிதாகப் பழக வருகிறவர் வர முடியாமல் போவார். ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறவர்களுக்கு ஒக்டோபர் முடிவதற்குள் கிளினிக்கில் இரண்டு மாதக் குளிசையைக் கேட்டு எடுத்து வையுங்கள். இடம்பெயர நேர்ந்தால் எந்தப் பாடசாலையில் எந்த அறை, தனிக் கழிவறை எது, கூடப் போவது யார் என்று கிராம உத்தியோகத்தரோடு இப்போதே கதைத்து முடிவெடுங்கள்.